திருமறையிற் சாத்தான்: உவமமும் உண்மையும்

கண்ணுக்குப் புலனாகாத பொருளைப் புலனாகும் பொருளொன்றைக் காட்டி உணர்த்துதல் எல்லா மொழிகட்கும் பொதுவான இயல்பாகும். அறிவை ஒளியென்றும், அறியாமையை இருளென்றும் கூறாத மக்கட்கூட்டம் உலகில் இல்லை. சமயநூல்களோ இவ்வியல்பை ஏனைய நூல்களினும் மிகுதியாகக் கையாளுகின்றன. அவை பேசப்புகும் பொருள்களிற் பெரும்பாலன கண்ணாற் காணப்படாதவை யாதலின் என்க. நாம் ஓதிவரும் திருமறையில் ஆண்டவர் கன்மலை எனப்படுகின்றார், கேடகம் எனப்படுகின்றார், மேய்ப்பர் எனப்படுகின்றார். அவரைக் கன்மலை என்ற மாத்திரத்தில் அவர் கல்லால் ஆனவர் என்று எவரும் கருதுவதில்லை. ஆனால் அதே மறை சாத்தானைப் பாம்பென்றும், சிங்கமென்றும், வலுசர்ப்பமென்றும் கூறுமிடத்து நம்மிற் பலர் அப்பகுத்தறிவைக் கைவிட்டுச் சொல்லைச் சொன்னவாறே கொண்டு அஞ்சுகின்றனர். வேறு சிலரோ, இவை யாவும் வெறும் உவமமே, ஆதலால் அஞ்சத்தக்க தீமை யாதும் இல்லை என்று நகைத்து அகலுகின்றனர். இவ்விரு சாராரும் வழுவுவது ஒரே இடத்தில் என்பதையும், அவ்வழு ஏட்டோடு நில்லாது மக்களுடைய உயிரையும் வாழ்வையும் தாக்க வல்லது என்பதையும் காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. பெயரும் அதன் பொருளும்

முதற்கண் பெயரை ஆராய்வோம். ‘சாத்தான்’ என்பது எபிரெய மொழிச் சொல். எதிர்த்து நிற்பவன், எதிராளி என்பது அதன் பொருள். பழைய ஏற்பாட்டிற் பல இடங்களில் அது சிறப்புப் பெயராக வாராது பொதுப்பெயராகவே வருகின்றது. சாலொமோனுக்கு விரோதியாக எழும்பிய ஏதோமியனாகிய ஆதாத் என்பானை மூல நூல் அச்சொல்லாலேயே குறிக்கின்றது (1 இராஜாக்கள் 11). இன்னும் வியப்பானதொன்று உண்டு. பிலேயாம் கழுதைமேலேறிச் சென்றபோது அவன் வழியை மறித்து நின்றவர் கர்த்தருடைய தூதர். அவர் நின்ற நிலையைக் கூறவும் அதே சொல்லே ஆளப்பட்டுள்ளது (எண்ணாகமம் 22). நம் தமிழ் மொழிபெயர்ப்பில் இவ்விடங்களில் விரோதி, எதிராளி என்னும் சொற்கள் நிற்றலின், மூலத்தில் உள்ள ஒற்றுமை நமக்குப் புலனாவதில்லை.

யோபின் நூல் முதலிரண்டு அதிகாரங்களிலும், சகரியாவின் நூல் மூன்றாம் அதிகாரத்திலும் இச்சொல் சுட்டுச்சொல்லோடு கூடி, ‘அவ்வெதிராளி’ என்னும் பொருள்பட நிற்கின்றது. அங்கே நாம் காண்பது ஒரு நியாயஸ்தலக் காட்சி. குற்றம் சாட்டுவோன் ஒருவன் நீதிபதியின் முன் நிற்கின்றான். இக்காட்சியைப் புதிய ஏற்பாடும் மறக்கவில்லை. பேதுருவின் முதலாம் நிருபம் ஐந்தாம் அதிகாரத்தில் எதிராளி என்பதற்கு ஆளப்பட்ட கிரேக்கச் சொல் வழக்கில் எதிர்நிற்கும் கட்சிக்காரனைக் குறிப்பது. வெளிப்படுத்தின விசேஷம் பன்னிரண்டாம் அதிகாரம் அவனைச் சகோதரர்மேல் இரவும் பகலும் குற்றஞ்சுமத்துவோன் எனக் காட்டுகின்றது. யோவானின் முதலாம் நிருபம் இரண்டாம் அதிகாரமோ கிறிஸ்துவை நமக்காகப் பரிந்து பேசுபவராக அதே மன்றத்தில் நிறுத்துகின்றது. ஆகவே சாத்தானைக் குறித்த உருவகங்களுள் மிகப் பழமையானது கொம்பும் வாலும் அன்று. நியாயஸ்தலமே என்பது பெறப்படும்.

எபிரெய மறையைக் கிரேக்கத்திற் பெயர்த்தோர் இச்சொல்லுக்கு நிகராக ‘தியாபொலொஸ்’ என்பதை ஆண்டனர். அவதூறு கூறுவோன் என்பது அதன் பொருள். தமிழில் அதற்குப் பிசாசு என்னும் சொல் அமைந்தது. புதிய ஏற்பாட்டில் மக்களைப் பற்றி வருத்தும் அசுத்த ஆவிகளைக் குறிக்கும் வேறொரு கிரேக்கச் சொல் உண்டு. அதற்கும் தமிழிற் பிசாசு என்றே பெயர்ப்பு அமைந்தது. மூலத்தில் இரண்டாயிருந்தவை தமிழில் ஒன்றாயின. அன்றியும் பிசாசு என்னுஞ் சொல் நம் நாட்டில் முன்னரே சுடுகாடும் புளியமரமும் நள்ளிரவும் சார்ந்த கதைகளோடு வழங்கிய சொல். ஆதலின் நம்மவர் திருமறையைத் திறக்கும்போதே அக்கதைகளும் உடன் திறக்கின்றன. இது மொழிபெயர்த்தோர் குற்றமன்று. வேறு சொல் தேடினும் இத்தகைய இடர் நேர்ந்தேயிருக்கும். ஆயினும் படிப்போர் இதனை அறிந்திருத்தல் இன்றியமையாதது. மத்தேயு நான்காம் அதிகாரத்தின் இறுதியில், இயேசுவினிடத்துக் கொண்டுவரப்பட்டோருள் பிசாசு பிடித்தோரும், சந்திரரோகிகளும், திமிர்வாதக்காரரும் தனித்தனியே எண்ணப்பட்டுள்ளனர். நோய்கள் யாவும் பிசாசின் செயலே என்று கூறுவோர்க்குச் சுவிசேஷத்தின் இவ்வகுப்பே தக்க விடையாகும். வலிப்பு நோயுற்ற சிறுவனை மருத்துவரிடம் கொண்டு செல்லாது கட்டிவைத்து அடிப்போர், தாம் மறையைக் கைக்கொள்வதாக எண்ணினும், உண்மையில் ஒரு சொல்லின் நிழலையே கைக்கொள்கின்றனர்.

2. ஒப்புமை எங்கே நிற்கின்றது?

இனி உவமத்தின் இயல்பை நம் இலக்கணத்தைத் துணைக்கொண்டு நோக்குவோம். தொல்காப்பியர் உவமம் தோன்றும் வகைகளை வினை, பயன், மெய், உரு என நான்காக வகுத்தார். ஒன்றன் செயல் பற்றியும், அதனால் விளையும் பயன் பற்றியும், வடிவம் பற்றியும், நிறம் பற்றியும் ஒப்புமை பிறக்கும் என்பது கருத்து. ஒரு பொருளை மற்றொன்றற்கு ஒப்பிடின், ஒத்த கூறு ஒன்றோ சிலவோ இருக்கும். ஒவ்வாத கூறுகள் பல இருக்கும். ஒத்த கூற்றைப் பற்றிக்கொண்டு ஒவ்வாதவற்றை விடுதலே உவமத்தைப் பொருள்கொள்ளும் முறை. தாமரை போன்ற முகம் என்றவிடத்து முகத்திற்குத் தண்டும் சேறும் தேடுவார் உளரோ?

இவ்வளவுகோலைத் திருமறையில் வைத்துப் பார்ப்போம். பேதுருவின் நிருபம் சாத்தானை முழங்கித் திரியும் சிங்கத்தோடு ஒப்பிடுகின்றது. அது வினையுவமம், இரை தேடி அலையும் செயல் பற்றியது. அதனாலன்றோ அடுத்தே விழிப்பாயிருக்கும்படி புத்தி கூறப்படுகின்றது. வெளிப்படுத்தின விசேஷம் ஐந்தாம் அதிகாரத்தில் யூதா கோத்திரத்துச் சிங்கம் எனப்படுபவர் கிறிஸ்துவே. அங்கும் சிங்கமே, ஆயின் ஒப்புமை வெற்றியும் அரசுரிமையும் பற்றியது. பாம்பும் அவ்வாறே. ஆதியாகமத்தில் அது வஞ்சித்தது. எண்ணாகமத்தில் மோசே உயர்த்திய வெண்கலப் பாம்போ நோக்கினார்க்கு உயிரளித்தது. யோவான் மூன்றாம் அதிகாரத்தில் இயேசு தாம் உயர்த்தப்படுதற்கு அதனையே ஒப்பாகக் கூறினார். தம் சீடர் பாம்பைப்போல் வினாவுடையராதல் வேண்டும் என்றும் அவரே கற்பித்தார். ஒரே பாம்பு மூன்றிடத்து மூன்று பொருள் பயந்தது. எனவே பாம்பு என்றால் சாத்தான் என்று நிகண்டுபோல் எழுதிவைத்துக்கொண்டு மறையை வாசிப்பவன் இடர்ப்படுவான் என்பது தெளிவு.

விதைப்பவன் உவமையில் வழியருகே விழுந்த விதையைப் பறவைகள் பட்சிக்கின்றன. அப்பறவைகள் சாத்தானைக் குறிக்கும் என்று இயேசுவே விளக்கினார் (மாற்கு 4). இது பயன் பற்றியது. கேட்ட வசனம் பயனற்றுப் போதலை உணர்த்துவது. அதே அதிகாரத்தில் கடுகுச்செடியின் நிழலிலும் பறவைகள் தங்குகின்றன. அவற்றைச் சாத்தானின் கூட்டம் என்று பொருள்கொள்ளும்படி அங்கே எவரும் கூறவில்லை. ஒளியின் தூதனுடைய வேஷம் தரிப்பான் என்று பவுல் கூறியது (2 கொரிந்தியர் 11) உருப்பற்றியது; தீமை நன்மையின் நிறத்தைப் பூசிக்கொண்டு வரும் என்பது கருத்து. ஏழு தலையும் பத்துக் கொம்பும் உடைய சிவந்த வலுசர்ப்பம் (வெளிப்படுத்தல் 12) மெய்யும் உருவும் பற்றியது. பேராற்றலும் கொடுமையும் அதனால் உணர்த்தப்படுகின்றன. பலதலைப் பாம்பின் உருவம் யோவானுக்கு முன்னரே அந்நாட்டுப் புலவர்க்கு அறிமுகமானது. சங்கீதம் எழுபத்துநான்கிலும், ஏசாயா இருபத்தேழாம் அதிகாரத்திலும் லிவியாதான் வருகின்றது. சிரியா நாட்டு ராஸ் ஷம்ராவில் 1929ஆம் ஆண்டு தொடங்கிய அகழ்வாய்வில் வெளிப்பட்ட உகரித் மொழிக் களிமண் ஏடுகளிலும் ஏழுதலையுடைய அத்தகைய பாம்பொன்று பேசப்படுகின்றது. மக்கள் அறிந்த உருவத்தைக் கொண்டே அறியாத பொருளை உணர்த்தினர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

அவ்வலுசர்ப்பத்தின் வால் வானத்து நட்சத்திரங்களில் மூன்றிலொரு பங்கை இழுத்துத் தள்ளிற்று என்பதைக் கொண்டு, தேவதூதரில் மூன்றிலொரு பங்கினர் வீழ்ந்தனர் என்று கணக்கிட்டு உரைப்பாரும் உளர். உருவகத்தின் எண்ணைக் கணித நூலின் எண்ணாகக் கொள்ளுதல் தகுமா என்பதை அவர் சிந்திப்பாராக. இருபதாம் அதிகாரத்தில் வரும் திறவுகோலும், சங்கிலியும், ஆயிரம் ஆண்டும் இவ்வகையினவே. ஆவியை இரும்புச் சங்கிலியாற் கட்டுதல் இயலாது. இப்போ நகரத்து அகுஸ்தீன் (354–430) தம் ‘தேவ நகரம்’ என்னும் நூலின் இருபதாம் பகுதியில், பலவானைக் கட்டுதலைக் குறித்த இயேசுவின் உவமையோடு இதனை இணைத்து, இந்நிகழ்ச்சி திருச்சபையின் காலத்தைக் குறிப்பது என்று விளக்கினார். ஆயிரம் ஆண்டைப்பற்றிச் சபையாரிடையே இன்றும் கருத்து வேற்றுமை உண்டு. ஆயினும் சங்கிலி உருவகமே என்பதில் ஐயுறுதற்கு இடமில்லை.

3. யாரை நோக்கிய சொல்?

ஒரு பாட்டின் பொருளை அறிய விரும்புவோர் அது யார் கூற்று, யாரை நோக்கியது என்பதை முதலில் வினவுதல் நம் அகத்திணை மரபு. இம்மரபைக் கைவிட்டமையால் விளைந்த ஒரு பெரும்பிழையை எடுத்துக்காட்டுவோம். ஏசாயா பதினான்காம் அதிகாரத்தில் விடிவெள்ளி வானத்தினின்று விழுந்ததாகப் பாடப்படுகின்றது. பலரும் இதனைச் சாத்தான் வீழ்ந்த வரலாறு என்றே கொள்வர். ஆனால் அப்பாட்டின் தொடக்கத்திலேயே, அது பாபிலோன் ராஜாவின்மேற் பாடப்படுவது என்று தீர்க்கதரிசி வெளிப்படையாகக் கூறியுள்ளார். வானத்தை எட்டுவேன் என்று தருக்கிய மன்னன், சூரியன் எழுமுன் ஒளிர்ந்து சூரியன் எழுந்தவுடன் மறையும் விடிவெள்ளிக்கு ஒப்பானான் என்பதே அவ்வுருவகத்தின் நயம்.

ஜெரோம் என்னும் அறிஞர் இதனை லத்தீனிற் பெயர்த்தபோது விடிவெள்ளிக்கு அம்மொழியில் வழங்கிய ‘லூசிபர்’ என்னும் சொல்லை இட்டார். ஓரிகன் முதலிய பழைய ஆசிரியர் அவர்க்கு முன்னரே இப்பகுதியைச் சாத்தான்மேல் ஏற்றி உரைத்திருந்தனர். காலப்போக்கில் லூசிபர் என்பது சாத்தானின் இயற்பெயர் போலாயிற்று. ஆனால் அதே லத்தீன் மறையில் பேதுருவின் இரண்டாம் நிருபம் முதலாம் அதிகாரத்தில், விசுவாசிகளின் உள்ளத்தில் உதிக்கும் விடிவெள்ளிக்கும் லூசிபர் என்றே பெயர். அங்கே அது மங்கலப் பொருளில் நிற்கின்றது! கால்வின் தம் ஏசாயா உரையில், இப்பகுதி பாபிலோன் அரசனைக் குறிப்பதன்றிச் சாத்தானைக் குறிப்பதன்று எனத் துணிந்தார். எசேக்கியேல் இருபத்தெட்டாம் அதிகாரத்தில் ஏதேனும், இரத்தினங்களும், கேருபும் கூறப்படும் பகுதியும் தீரு ராஜாவின்மேற் பாடப்பட்ட புலம்பலே. மண்ணாளும் மன்னர்தம் செருக்கைக் கண்டித்த இச்சொற்களை வானத்துக் கதையாக மட்டும் மாற்றிவிட்டால், செருக்குற்ற அரசுகள் அக்கண்டனத்தினின்று தப்பிவிடுகின்றன. இதனினும் பெரிய நட்டம் யாது?

மில்டன் 1667ஆம் ஆண்டில் வெளியிட்ட காவியமும், பனியன் 1678ஆம் ஆண்டில் வெளியிட்ட மோட்சப் பயணக் கதையும் நம் கற்பனையில் ஆழப் பதிந்துள்ளன. பனியனின் கதையைத் தழுவி எச். ஏ. கிருஷ்ண பிள்ளை 1894ஆம் ஆண்டில் ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்னும் காப்பியத்தைத் தமிழர்க்கு அளித்தார். இவை போற்றத்தக்க நூல்கள். எனினும் கவிஞர் புனைந்த நிகழ்ச்சிகளை மறை கூறிய நிகழ்ச்சிகளாக மயங்குதல் கூடாது. அம்மயக்கம் கவிக்கும் நன்றன்று, மறைக்கும் நன்றன்று.

4. மக்கள்மேல் ஏற்றிய சொல்

சாத்தான் என்னும் சொல் மனிதர்மேல் ஏற்றிக் கூறப்படும் இடங்களே மிகுந்த விழிப்போடு நோக்கத்தக்கவை. பாடுபடுதல் வேண்டாம் என்று தடுத்த பேதுருவை இயேசு சாத்தான் என விளித்தார் (மத்தேயு 16). காளை வந்தான் என்றாற் போல்வதோர் உவமையாகுபெயர் இது. அதே அதிகாரத்திற் சற்றுமுன் அவரே சபை கட்டப்படுதற்குரிய கல் எனப் பாராட்டப்பட்டார். இப்பொழுது இடறச்செய்யும் கல்லானார். பேதுருவின் இயல்பு முழுதும் சாத்தானியல்பு என்பது கருத்தன்று. அந்நேரத்து அவர் கூறிய சோதனைமொழி வனாந்தரத்திற் கேட்ட சோதனைமொழியை ஒத்தது என்பதே கருத்து. கண்டிக்கப்பட்டவர் தள்ளப்படவில்லை, அப்போஸ்தலராகவே நிலைத்தார்.

யோவான் எட்டாம் அதிகாரத்தில் தம்மோடு தர்க்கித்தோரை நோக்கி, உங்கள் தந்தை பிசாசு என்னும் கருத்துப்பட இயேசு மொழிந்தார். எபிரெய வழக்கில் தந்தை, மகன் என்னும் சொற்கள் பிறப்பையன்றிப் பண்பின் ஒற்றுமையையும் குறிக்கும். பர்னபா ஆறுதலின் மகன். செபெதேயுவின் புதல்வர் இடிமுழக்கத்தின் மக்கள். ஏலியின் தீய புதல்வர் பேலியாளின் மக்கள். அவ்வதிகாரத்திலேயே, ஆபிரகாமின் மக்களாயின் ஆபிரகாமின் செயல்களைச் செய்வீர்கள் என்னும் வாதமும் வருகின்றது. ஆகவே இது செயல் பற்றிய ஒப்புமை, வினையுவமம். அன்றியும் பேசியவர் யூதர், கேட்டவர் யூதர், அதனை எழுதிவைத்த சீடர் மரபினரும் யூதரே. ஒரு குடும்பத்தினுள் நிகழ்ந்த வழக்கு அது.

பிற்காலத்துக் கிறிஸ்தவர் இதனை மறந்தனர். உவமத்தைப் பிறப்பாகக் கொண்டு, யூத இனம் முழுதும் பிசாசின் வழித்தோன்றல் என்றனர். இடைக்கால ஐரோப்பியச் சித்திரங்களில் யூதர்க்குக் கொம்பு வரைந்தனர். சபைச் சீர்திருத்தம் செய்த லூத்தரே 1543ஆம் ஆண்டில் எழுதிய நூலொன்றில் அவர்தம் ஜெப ஆலயங்களை எரிக்கும்படியும் வீடுகளை இடித்தழிக்கும்படியும் தூண்டினார். 1938ஆம் ஆண்டில் நூரெம்பர்க்கில் யூலியஸ் ஸ்ட்ரைக்கர் வெளியிட்ட சிறுவர் நூல் யூதரின் தந்தை பிசாசு என்று குழந்தைகளுக்குக் கற்பித்தது. 1945ஆம் ஆண்டிற்குள் ஐரோப்பாவில் ஏறத்தாழ அறுபது இலட்சம் யூதர் கொல்லப்பட்டனர். அக்கொலைக்குக் காரணங்கள் பல. ஆயினும் பல நூற்றாண்டாகப் பிழைபடக் கொள்ளப்பட்ட ஓர் உருவகமும் அவற்றுள் ஒன்று என்பதை மறுத்தல் இயலாது. 1965ஆம் ஆண்டில் இரண்டாம் வத்திக்கான் சங்கம், யூதரைக் கடவுளாற் சபிக்கப்பட்டவராகக் காட்டுதல் தகாது என்று அறிவித்தது. 1994ஆம் ஆண்டில் அமெரிக்க இவாஞ்செலிக்கல் லூத்தரன் சபை லூத்தரின் அக்கொடுஞ்சொற்களை வெளிப்படையாகத் தள்ளிற்று. அணியிலக்கணம் வெறும் பரீட்சைப் பாடம் என்று எண்ணும் மாணவ நண்பர்கள் இவ்வரலாற்றைச் சிந்திப்பார்களாக.

5. உவமேயம் இல்லாத உவமம் இல்லை

இவ்வளவும் கூறியபின், சாத்தானைக் குறித்த யாவும் உருவகமே எனின் அஞ்சுதற்கு யாது உளது என்று வினவுவார்க்கு விடை கூறுதல் கடனாகும். உவமம் என்பது பொருளின்மையைக் காட்டாது, பொருளையே காட்டும். ஆண்டவர் கன்மலையல்லர் என்பதனால் ஆண்டவர் இல்லை என்றாகாதவாறு போல, சாத்தான் சிங்கமல்லன் என்பதனால் சோதனை இல்லை என்றாகாது. தீமையின் தலைவன் தனி உருவுடைய ஆளா, அன்றி உலகில் இயங்கும் தீய ஆற்றலுக்கு இட்ட பெயரா என்பதிற் கிறிஸ்தவ அறிஞர் வேறுபடுவர். எக்கருத்தைக் கொள்ளினும், தீமை மனிதனின் சிறு பிழைகளைக் கூட்டிவந்த தொகையினும் பெரிது என்பதும், அது தந்திரமாய் நன்மையின் வேடத்தில் வரும் என்பதும் மறையின் உறுதியான போதனைகள். அவ்வாறாயினும் பழியைச் சாத்தான்மேற் போட்டு நாம் விலகுதலும் இயலாது. அவனவன் தன் சொந்த இச்சையாலேயே இழுக்கப்படுகின்றான் என்று யாக்கோபு தம் நிருபத்தின் முதல் அதிகாரத்திற் கூறுகின்றார்.

ஆகவே படிப்போர் கைக்கொள்ளத்தக்க முறை இதுவாகும். சொல்லின் மூலப்பொருளை அறிக. யார் யாரை நோக்கி எப்பொழுது கூறியது என வினவுக. ஒப்புமை எக்கூற்றில் நிற்கின்றது எனக் கண்டு அவ்வளவில் நிற்க. உவமத்திற்கு அடியில் உள்ள உண்மையை விடாது பற்றுக. இவற்றோடு மற்றொன்றும் கூறுவேன். தன்னோடு மாறுபடுவோனைச் சாத்தான் என்று அழைக்க நா எழும்போது, அச்சொல்லின் முதற்பொருள் குற்றஞ்சாட்டுவோன், அவதூறு கூறுவோன் என்பதை நினைக. பிறனை அப்பெயரால் தூற்றுவோன் அத்தொழிலைத் தானே மேற்கொண்டவனாகின்றான். மறையிற் பேதுருவை நோக்கி அச்சொல்லைக் கூறியவரோ அவரைக் கைவிடாது இறுதிவரை நேசித்தவர். அந்நேசம் இல்லாத வாயில் அச்சொல் எழாதிருத்தலே நன்று.